மாப்பிள்ளை சோதித்த அம்பர்

காயல்பட்டினத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். போன இடத்தில் வட்டலப்பத்தைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எனக்கு ஒரு குறையும் வந்திருக்காது. அறிவாளி என்று காட்டப் போனேன். (என் சனியன் எப்போதும் வாயில்தான் குடியிருக்கும்.)

துபாயிலிருந்து மாமனாருக்கு ஓர் அம்பர் தஸ்பீஹ் மாலை வாங்கி வந்திருந்தேன். மாமாவிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. கப்பலில் வேலை பார்த்தபோது ஏதோ குளிர்த் துறைமுகத்தில் வாங்கியதாம். தொழுகை முடிந்ததும் அதை உருட்டித்தான் எண்ணி ஓதுவார். தேய்ந்துபோன தேன் நிற மணிகள், முப்பத்துமூன்று. என்னுடையதோ பளபளவென்று மின்னியது. அம்பர் கல்லே இல்லை, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய மரப்பிசின் என்று விருந்தாளிகள் முன்னால் பிரசங்கம் செய்தேன். அசல் என்றால் உப்புத் தண்ணீரில் மிதக்கும், போலி முங்கிவிடும் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

மாமி ஒரு வாளியில் உப்பைக் கரைத்து வைத்தார். (எங்கள் பக்கம் உப்புக்கா பஞ்சம்?) என் மாலை நேராக அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மாமாவுடையது மிதந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ரோஷம் விட்டால்தானே! சில பிளாஸ்டிக்கும் மிதக்கும், சுட்ட ஊசியை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றேன். மாமா மாலையை என்னிடமே நீட்டி, “பாத்துருங்க மாப்ள” என்றார்.

ஊசியைப் பழுக்கக் காய்ச்சி ஒரு மணியில் வைத்தேன். எல்லாரும் பார்க்கிற பதற்றத்தில் அழுத்திவிட்டேன். மணி இரண்டாக விண்டு விழுந்தது. சாம்பிராணி போட்டதுபோல் வீடெல்லாம் மணம். அசல்தான், சந்தேகமே இல்லை.

என் மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“நான் பொறந்த சேதி கப்பலுக்கு வந்த அன்னைக்கு வாப்பா வாங்குனது.”

எனக்கு அப்படியே ஓடிப்போய்க் கடலில் விழலாம் போலிருந்தது. மாமா குனிந்து இரண்டு துண்டையும் பொறுக்கினார்.

“ஏளா, அழுவாத. முப்பத்துமூணுல ஒண்ணுதான போச்சி. அந்த எடத்துல மாப்ள இருந்துட்டுப் போறாரு.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அன்று அந்தியில் மக்ரிப் தொழுததும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். முப்பத்திரண்டு மணியையும் உருட்டி முடித்து, கடைசி எண்ணிக்கைக்கு என் முழங்காலில் ஒரு தட்டு தட்டினார். நான் ஊரில் இருந்த நாளெல்லாம், அவர் மௌத்தாகிக் கண்ணை மூடும்வரை, அப்படித்தான் ஓதினார்.

மச்சினன்மார் இன்றும் என்னை ‘முப்பத்துமூணு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். மக்ரிப் தொழுதுவிட்டு உட்கார்ந்தால்தான், யாராவது முழங்காலில் ஒரு தட்டு தட்ட மாட்டார்களா என்றிருக்கிறது.