டாக்டரின் குடல்வால்

தன் உடம்பில் இல்லாத உறுப்பின் பெயரால் அழைக்கப்பட்ட ஒரே மனிதர், தொண்ணூறுகளில் எங்கள் கோயமுத்தூர் லேபில் இருந்த குடல்வால் டாக்டர்தான். நான் அங்கே சதைப் பரிசோதனை ரிப்போர்ட் டைப் செய்பவள்.

அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனில் எடுத்த தன் குடல்வாலை அவரே கேட்டு வாங்கி, மெழுகில் பதித்து, மேஜை டிராயரில் வைத்திருந்தார். கட்டி எந்த உறுப்பில் பிறந்தது என்று காட்டும் மார்க்கர் சாயம் போடும்போதெல்லாம், நோயாளியின் சதைக்குப் பக்கத்தில் இதிலிருந்தும் ஒரு சீவலை ஒட்டுவார். கேட்டால், "என்ற குடல்லயே குடல் சாயம் புடிக்கலீன்னா மருந்து கெட்டுப்போச்சுன்னு அர்த்தமுங்கம்மணி" என்பார். அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

சோமனூர் தறிக்காரர் ஒருவர், மனைவியின் சினைப்பையிலிருந்து எடுத்த கட்டியைக் கொண்டுவந்தார். சினைப்பைப் புற்றுதான் என்று சர்ஜன் முடிவே கட்டிவிட்டார். நம்மவருக்குச் சந்தேகம். குடலில் பிறந்து சினைப்பைக்குப் பரவியதாக இருந்தால் வைத்தியமே வேறு. சினைப்பைக்கு ஒரு மார்க்கர், குடலுக்கு ஒரு மார்க்கர் போட்டார். இரண்டும் பிடிக்கவில்லை.

"குடல் சாயம் புடிக்கலீல்ல? சினைப்பைன்னு எழுதுங்க!" என்று சர்ஜன் போனில் கத்தினார்.

"என்ற குடல்வாலுக்கே புடிக்கலீங்க. எழுத மாட்டனுங்க."

மெட்ராஸிலிருந்து புதுச் சாய மருந்து வரவேண்டும். தறிக்காரர் தினமும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "ஏனுங்கம்மணி, ரிசல்ட்டு வந்துருச்சுங்களா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் எனக்கு டாக்டர் மேல்தான் எரிச்சல் வந்தது.

மருந்து வந்தபோது மெழுகில் கடைசிச் சீவல்தான் மிச்சம். "வேற யாரோடதாச்சும் வெச்சுக்கலாமுங்களே சார்" என்றேன்.

"இது தெரிஞ்ச குடலுங்க அம்மணி."

டாக்டரின் சீவலில் குடல் சாயம் பிடித்துப் பழுப்பு ஏறியது. அந்த அம்மாவின் கட்டியிலும் ஏறியது. குடலைப் பாருங்கள் என்று ரிப்போர்ட் அடித்தேன். பார்த்தார்கள், மூலக்கட்டி பெருங்குடலில் இருந்தது. அதையும் எடுத்தார்கள்.

சில மாதம் கழித்து அந்த அம்மா ஒரு பை நிலக்கடலையோடு நடந்தே மாடியேறி வந்தார். "உங்கூட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்று டாக்டரைக் கேட்டார்.

"ஒருத்தருமில்லீங்க. குடல்வால் இருந்துச்சு. அதும் தீந்துபோச்சுங்க."

லேபே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் அந்த மனிதரைக் கிண்டல் செய்துதானே பொழுதை ஓட்டினோம்?

மறுநாள் மத்தியானம் என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அங்கே இருந்தது அவர் நாற்காலி ஒன்றுதான், நின்றுகொண்டே சாப்பிட்டேன். அதற்கு அடுத்த நாள் போனபோது, எங்கிருந்தோ ஒரு நாற்காலியைத் தேடிப் பிடித்து, துடைத்துப் போட்டிருந்தார்.