முன்கூட்டியே கேட்ட மன்னிப்பு

நல்ல கருவி ஒன்று கைக்கு வந்து சேரும்வரை வாசிப்பதில்லை என்று விரதம் பூண்ட ஓர் இனம் உலகத்தில் இருக்கிறது. 'வாங்கப்போகும் வித்வான்' என்று இந்த இனத்துக்குப் பெயர் வைப்போம். உங்களுக்கு இவரைத் தெரியும். தெரியாமல் இருக்க வழியே இல்லை. எந்தத் துறையில் விட்டாலும் தழைத்துவிடுகிற பிறவி என்றாலும், பேஸ் கித்தார் என்கிற அந்த நாலு தந்தி வாத்தியத்தில் இவர் காய்த்துக் குலுங்குவதுபோல் வேறெதிலும் குலுங்குவதில்லை. ஏன் தெரியுமா? மற்ற வாத்தியக்காரர் ஒரு வாத்தியத்தை வாங்கிவிட்டால் கதை முடிந்தது. பேஸ்காரர் கித்தாரை வாங்க வேண்டும், கித்தாருக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டும், ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பீக்கர் பெட்டி வாங்க வேண்டும். ஆக, குறை கண்டுபிடிக்க மூன்று இடம்! இப்படி ஒரு வசதி வேறு எந்தக் கலையில் கிடைக்கும்?

ஒசாகாவில், டிராம் பாதையை ஒட்டிய நாலடுக்குக் கட்டடத்தில் மூன்றாவது அடுக்கில் குடியிருக்கும் உராபே இந்த இனத்தின் பழுதில்லாத மாதிரி. வயது நாற்பத்தேழு. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கல்லூரியில் படிக்கும்போது ஒரு வருஷம் நண்பர்களோடு சேர்ந்து பேஸ் வாசித்தார், குழு கலைந்தது, அது கலைந்ததற்குக் காரணம் அன்றைக்குத் தன்னிடம் இருந்த மட்டமான கித்தார்தான் என்று இருபத்தைந்து வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை பிற்பகல் உமேதா கடைத்தெருவில் வாத்தியக் கடைக்குள் அவர் நுழைகிற அழகைப் பார்க்க வேண்டும். மாட்டியிருக்கும் கித்தார்களை நிதானமாகச் சுற்றி வருவார். ஒன்றை இறக்கச் சொல்லி, விரல் முட்டியால் அதன் வயிற்றில் இரண்டு தட்டு தட்டுவார். காதருகே கொண்டுபோவார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து வளைந்திருக்கிறதா என்று துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் நீளவாக்கில் பார்ப்பார். "மரம் இன்னும் கொஞ்சம் காஞ்சிருக்கலாம்" என்பார். கடைக்காரப் பையன் மரியாதையாக வயரைச் செருகி, சுருதி சேர்த்து, இரண்டு கையாலும் நீட்டுவான். அப்போதுதான் பாருங்கள், உராபே ஓரடி பின்வாங்குவார்.

"நீங்களே வாசிங்க. நான் தள்ளி நின்னு கேக்கறேன்."

அவன் வாசிப்பான். இவர் தூணோரமாகப் போய்க் கண்ணை மூடி நிற்பார். முடிந்ததும் தலையை மெதுவாக ஆட்டி, "சத்தத்துக்கு அடிவயிறு இருக்கு, முதுகெலும்பு இல்ல" என்பார். இதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. விலைப்பட்டியலை வாங்கிக்கொண்டு திருப்தியோடு ரயிலேறுவார். கல்யாண வரவேற்பில் யாராவது பேஸ் வாசித்தால் பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து, "பாவம், நல்ல பையன். பெட்டி சரியில்ல" என்பார்.

கடைசியில் ஒரு கோடைக்கால போனஸில் கித்தார் வந்தது. பழுப்பு நிறம், பளபளப்பு, கழுத்தில் ஐந்து அடுக்கு மரம். ஒரு மாதம் கழித்து, கித்தார் பிரமாதம்தான், ஆனால் சத்தம் என்பது ஆம்ப்ளிஃபயரில் அல்லவா பிறக்கிறது என்று கண்டுபிடித்தார். குளிர்கால போனஸில் ஆம்ப்ளிஃபயர் வந்தது. பிறகு, ஆம்ப்ளிஃபயரில் பிறந்தாலும் சத்தம் வளர்கிற இடம் ஸ்பீக்கர் பெட்டி என்று புரிந்தது.

அவருடைய மனைவி சவாகோ வீட்டில் தையல் தொழில் செய்கிறவள். ஆறு பாய் விரிக்கிற அறை ஒன்றில் மெஷின் போட்டு, அக்கம்பக்கத்தாரின் உடைகளைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பாள். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏங்க, மணிக்கணக்குக்கு வாடகைக்கு விடற ஸ்டூடியோவுல பெட்டியெல்லாம் அவங்களே வெச்சிருக்காங்களே?"

"அது அடுத்தவன் செருப்பு, சவாகோ. போட்டுக்கிட்டு நடக்கலாம். ஓட முடியாது."

"நீங்க எப்ப ஓடினீங்க?"

அடுத்த கோடையில் பெட்டி வந்தது. உள்ளே எட்டு ஸ்பீக்கர். உயரம் உராபேயின் தோள்வரை, எடை உராபேயைவிடப் பத்துக் கிலோ கூடுதல். இரண்டு பேர் அதை மூன்றாவது அடுக்குவரை தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரிடம்கூட மன்னிப்புக் கேட்டபடி ஏறி வந்தார்கள். அது ஆறு பாய் அறையில் உட்கார்ந்தது. தையல் மெஷின் நடைக்கு வந்து செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றது. வாடிக்கைக்காரர்களை வாசல் நிலையிலேயே நிறுத்தி அளவெடுக்க வேண்டிய நிலைமை.

"நீங்க வாசிச்சா இது இங்க இருக்கட்டும். நான் வாயே திறக்க மாட்டேன். வாசிக்கலைன்னா, ரூம் எனக்குத் திரும்ப வேணும்" என்றாள் சவாகோ.

"வாசிக்காம? இதுக்காகத்தானே இருபத்தஞ்சு வருஷம் காத்திருந்தேன்!"

சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கழுத்தில் டை கட்டிக்கொண்டு, பன்னிரண்டு பயறு இனிப்புகள் அடங்கிய பெட்டிகளை வெள்ளைக் காகிதப் பட்டி சுற்றி எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போனார். கீழ்வீட்டில் பூ அலங்கார வகுப்பு எடுக்கும் நுனோகாவா அம்மாள், பக்கத்து வீட்டில் டாக்ஸி ஓட்டும் எபிசாவா, மேல்வீட்டில் நர்ஸ் பரீட்சைக்குப் படிக்கும் பெண் என்று ஒருவரையும் விடவில்லை. "இந்த வாரத்திலிருந்து கொஞ்சம் சத்தம் வரும். பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கணும்" என்று இடுப்பு வளைய வளைய வணங்கினார். அந்த ஊரில் அப்படித்தான். சத்தம் போடுகிறவர் முன்னாலேயே இனிப்பு கொடுத்துவிட வேண்டும். இனிப்பைத் தின்றவர் பிறகு சத்தத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது.

எல்லாரும் தின்றார்கள். தின்றுவிட்டு ஆயத்தமானார்கள். பகலில் தூங்கி இரவில் வண்டி ஓட்டுகிற எபிசாவா, மேலதிகாரியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சித் தன் முறையைப் பகலுக்கு மாற்றிக்கொண்டார். நுனோகாவா அம்மாள் அலமாரியிலிருந்த பூச்சாடிகளையெல்லாம் தரையில் இறக்கிவைத்து, காதுக்கூர்மை அதிகமான பூனையை வகயாமாவிலிருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பினாள். மேல்வீட்டுப் பெண் புத்தகங்களோடு நூலகத்துக்குக் குடிபெயர்ந்தாள். கட்டடமே காதைப் பொத்தத் தயாராகக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது.

சத்தம் வரவில்லை.

ஒரு வாரம் போயிற்று. தந்தி புதுசு, பதப்பட வேண்டும் என்றார் உராபே. ஒரு மாதம் போயிற்று. மழைக்காலம், மரம் ஊறியிருக்கும் என்றார். மழை நின்றது. கட்டடத்துக்கு வருகிற மின்சாரத்தில் அழுக்கு கலந்திருக்கிறது என்றார். தனக்கென்று தனியாக ஒரு கம்பம் நட முடியுமா என்று மின்சாரக் கம்பெனிக்குப் போன் போட்டு விசாரித்தார். அதற்குள் பெட்டியின் தலைமேல் மடித்த துணி ஏறியது. துணிக்குப் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி ஏறியது.

மூன்றாம் மாதம் ஒரு மாலை, நுனோகாவா அம்மாளும் எபிசாவாவும் ஒரு கூடை பேரிக்காயோடு வாசலில் வந்து நின்றார்கள்.

"உராபே சான், தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று ஆரம்பித்தாள் அம்மாள். "அந்த இனிப்பு ரொம்ப நல்லா இருந்துச்சு. பன்னெண்டையும் நானே சாப்பிட்டேன்."

"சந்தோஷம்."

"ஆனா சத்தம்தான் இன்னும் வரல."

"அது வந்து..."

"மனசு உறுத்துதுங்க. ஒரு கஷ்டமும் படாம ஒருத்தர் வீட்டு இனிப்ப எப்படிச் செரிக்கிறது? அதான் பேரிக்கா கொண்டாந்தோம். இத வாங்கிக்கிட்டு எங்கள விட்ருங்க. இல்லேன்னா வாசிச்சிருங்க."

எபிசாவா தொப்பியைக் கழற்றினார். "பக்கத்து வீட்ல பெரிய வித்வான் இருக்காருன்னு சொல்லித்தாங்க நான் டூட்டிய மாத்தினேன். இன்னிக்கு என்ன வாசிச்சாருன்னு எங்க மேனேஜர் தினம் கேக்கறாரு. நானும் வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன். இனிமே சொல்றதுக்கு எங்கிட்ட பாட்டு இல்ல."

உராபே மின்சாரத்தின் அழுக்கைப் பற்றித் தொடங்குவதற்குள், நடையில் மெஷினுக்குப் பின்னாலிருந்து சவாகோவின் குரல் வந்தது.

"வர்ற ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு. எல்லாரும் வீட்ல இருங்க."

அவர்கள் திரும்பிப் போனதும் உராபே அப்படியே செருப்பு அலமாரிமேல் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"பயமா இருக்கா?" என்றாள் சவாகோ.

"எனக்கா? பயமா?" என்றவர் கீழே கிடந்த செருப்பு ஒன்றை எடுத்து நேராக வைத்தார். பிறகு, "ஆமா" என்றார். "கித்தார் மட்டமா இருந்தப்ப கித்தார் மேல பழிய போட்டேன். அப்புறம் ஆம்ப்ளிஃபயர் மேல. அப்புறம் பெட்டி மேல. இப்ப எல்லாமே நல்லதா வந்துருச்சு சவாகோ. இனிமே பாக்கி இருக்கறது என் விரல்தான்."

இருபது வருஷக் குடித்தனத்தில் அவர் சொன்ன முதல் உண்மை இதுதானோ என்று அவளுக்குத் தோன்றியது. அவர்மேல் பாசம் பொங்கியது. வாய் மட்டும் வழக்கம்போல, "ஏன், விரல் அந்தக் கடையில கிடைக்காதா?" என்றது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நுனோகாவா அம்மாள் நல்ல உடை உடுத்திக்கொண்டு, தன் வீட்டுக் கூடத்தில் முழங்கால் மடித்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எபிசாவா விடுப்பு எடுத்திருந்தார். நூலகத்திலிருந்து அந்தப் பெண்ணும் திரும்பியிருந்தாள். மூன்று மணிக்கு உராபே சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சுருதி சேர்க்கத் தொடங்கினார். மூன்று நாற்பதுக்கும் சேர்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கொசு தும்மினால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவு சத்தத்தில் ஏதோ வாசித்தார்.

"உராபே சான்! ஆரம்பிச்சாச்சா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

சவாகோ நேராகப் போனாள். பெட்டியின்மேல் இருந்த துணிகளை எடுத்தாள், இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள், வால்யூம் குமிழைப் பாதிக்குமேல் திருகினாள்.

அடுத்த சுரத்தில் கட்டடம் உட்கார்ந்து எழுந்தது. தேநீர்க் கிண்ணங்கள் அலமாரிக்குள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. டிராம் நிறுத்தத்தில் நின்றவர்கள் நிலநடுக்கமோ என்று கைபேசியைப் பார்த்தார்கள். உராபேக்கே மூச்சு நின்றுவிட்டது. ஆனால் விரல்கள் அசைந்தன. கல்லூரிக் காலத்துப் பாட்டு ஒன்று, நாலே சுரம், திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது சுரம் ஒவ்வொரு முறையும் தப்பாக விழுந்தது. அவர் நிறுத்தவில்லை. வியர்க்க வியர்க்க, உதட்டைக் கடித்துக்கொண்டு பத்து நிமிஷம் வாசித்தார். இருபது வருஷத்தில் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து சவாகோ பார்த்ததில்லை.

முடிந்ததும் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள், வணங்கினார்கள்.

"பெட்டி ரொம்ப நல்ல பெட்டி" என்றாள் நுனோகாவா அம்மாள்.

"கித்தார் நிறம் ரொம்ப அழகு" என்றாள் மேல்வீட்டுப் பெண்.

எபிசாவா மட்டும் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குச் சங்கீதம் தெரியாதுங்க. வண்டி ஓட்டறவன். ஆனா அந்த மூணாவது சுரம் இருக்கே... ஒரே திருப்பத்துல ஒவ்வொரு தடவையும் வண்டிய மோதினா, ரோட்டக் குத்தம் சொல்ல முடியாதுல்ல."

உராபே தன் விரல்களைப் பார்த்தார். பிறகு இதுவரை வளையாத அளவுக்கு வளைந்து வணங்கினார்.

"உண்மைதான். இத இவ்வளவு நாள் யாரும் எனக்குச் சொல்லல. கருவியில ஒரு குறையும் இல்ல, குறை எங்கிட்டத்தான். நாளையிலிருந்து தினமும் ரெண்டு மணி நேரம் பழகறேன்."

சவாகோவுக்குக் கண் கலங்கிவிட்டது. மெஷின் நடையிலேயே கிடந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தாள்.

"தினமுமா?" என்றாள் நுனோகாவா அம்மாள்.

"ரெண்டு மணி நேரமா?" என்றாள் நர்ஸ் பரீட்சைப் பெண்.

எபிசாவா தொப்பியை மாட்டிக்கொண்டார், கழற்றினார், மறுபடி மாட்டினார். "நான் சொன்னத அப்படியே எடுத்துக்காதீங்க. யோசிச்சுப் பாத்தா, சில திருப்பத்துல ரோடும் சரியில்லதான்."

"ஆமாமா" என்று அம்மாள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "அந்த நாற்காலியப் பாருங்க. சாப்பாட்டு நாற்காலியில உக்காந்து யாராவது இவ்வளவு பெரிய வாத்தியத்த வாசிப்பாங்களா? கை எப்படி எட்டும்?"

"உயரம் தப்பு" என்றாள் அந்தப் பெண், மருத்துவம் தெரிந்தவளாக. "தோள் தூக்கியிருந்தா விரல் வழுக்கத்தான் செய்யும்."

"நாற்காலியா?" என்றார் உராபே. நிமிர்ந்தார். கண்ணில் அந்தப் பழைய வெளிச்சம் ஏறுவதைச் சவாகோ பார்த்துக்கொண்டே நின்றாள்; தடுக்கக் கை வரவில்லை.

"அவசரப்பட்டு வாங்கிடாதீங்க உராபே சான்" என்றார் எபிசாவா, மிகுந்த அக்கறையோடு. "நாலு கடை ஏறி எறங்கி, நிதானமா, ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்ல, நல்லதா ஒண்ணு பாருங்க."

சனிக்கிழமை உமேதாவில் அவரைப் பார்த்தவர்கள், ஒவ்வொரு நாற்காலியாகக் கவிழ்த்து அதன் காலை முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார் என்கிறார்கள்.

போகட்டும், அவர் கதை அவரோடு. நீங்கள் கதை எழுதலாம் என்று இருக்கிறீர்கள், சரியான மேசை அமையவில்லை. பாடலாம் என்று இருக்கிறீர்கள், நல்ல சுருதிப் பெட்டி இன்னும் கிடைக்கவில்லை, இல்லையா? அதில் தவறே இல்லை. ஆனால் உங்கள் வீட்டுக்காரர்களும் நண்பர்களும் அண்டை அயலாரும், "அவசரமே இல்ல, இன்னும் நல்லதா ஒண்ணு பாத்து வாங்கிட்டு ஆரம்பிங்க" என்று ஒரே குரலில் அன்பாகச் சொல்கிறார்கள் என்றால், அந்த அன்பு எங்கிருந்து வருகிறது என்று மட்டும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.