தலைகீழ்ப் பெண்டுலம்

"இந்தப் படம் தலைகீழா ஒட்டியிருந்துச்சு சார். நேராக்கி வெச்சிட்டேன். அது இனாம்," என்றார் பைண்டர்.

மருந்துக்கடைக்காரர் புத்தகத்தைப் பிடுங்கிப் பிரித்தார். அறுபத்து நான்காம் பக்கத்துக்கு எதிரே இருந்த படத்தில் சுவர்க்கடிகாரம் சமர்த்தாக நின்றது. பெண்டுலம் கீழே தொங்கியது. உலகத்தில் எல்லாப் பெண்டுலங்களும் கீழேதான் தொங்குகின்றன. இங்கே கோளாறே அதுதான்.

"தையல் விட்டுப்போன முதுகை மட்டும்தானே சரி பண்ணச் சொன்னேன்?"

"ஒரு கடிகாரம் கண்ணு முன்னால கரணம் போட்டுக்கிட்டு நிக்குது. பாத்துட்டு எப்படி சார் சும்மா விடறது?"

எண்பது வருஷத்துக்கு முந்தைய கடிகாரப் பழுதுபார்க்கும் கையேடு அது. அந்தப் படத்தைத் தனித்தாளில் அச்சிட்டுக் கையால் ஒட்டியிருந்தார்கள். முதலில் கட்டிய சில பிரதிகளில் தலைகீழாக ஒட்டிவிட்டு, அப்புறம் விழித்துக்கொண்டு மற்றவற்றில் நேராக ஒட்டினார்கள். நேராக இருந்தால் அது வெறும் பழைய புத்தகம். தலைகீழாக இருந்தால் பொக்கிஷம். அப்படிப்பட்ட பிரதிகள் மூன்றுதான் இருப்பதாகப் பேச்சு. மூன்றும் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருடைய கண்ணாடி அலமாரியில் இருந்தன.

நான்காவதை மருந்துக்கடைக்காரர் போன மாதம் பழைய சாமான் கடையில், உடைந்த குடைக்கும் துருப்பிடித்த தராசுக்கும் நடுவில் கண்டுபிடித்தார். பதினொரு வருஷத் தேடல். அன்று ராத்திரி அவர் சாப்பிடவேயில்லை. புத்தகத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முன்னால் வைத்திருந்த யாரோ ஒரு கடிகாரக்காரர் ஓரங்களில் பென்சிலால் எழுதியிருந்தார். 'மூன்று முறை செய்தேன், ஓடவில்லை.' இன்னொரு பக்கத்தில், 'இவர் கடிகாரத்தைத் தொட்டே பார்த்ததில்லை.' செத்துப்போன மனிதர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து புறம் பேசுவது போல இருந்தது. அந்தச் சுகத்துக்கு ஈடு கிடையாது.

நீதிபதிதான் பழம்புத்தகச் சேகரிப்பாளர் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் பன்னிரண்டு நாற்காலிகள், பதினொரு பேர். காலி நாற்காலிக்கு மருந்துக்கடைக்காரர் இரண்டு முறை விண்ணப்பித்திருந்தார். "உங்ககிட்ட புத்தகம் இருக்கு. சேகரிப்பு இல்லை," என்று இரண்டு முறையும் ஒரே தீர்ப்பு. இந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நீதிபதியே இவர் வீட்டுக்கு வந்து நான்காவது பிரதியைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். வருகிறவர் முன்னால் புத்தகம் முதுகு பிரிந்து நிற்கக் கூடாதே என்றுதான் பைண்டரிடம் கொடுத்தது. இன்று வியாழன்.

"பழையபடி தலைகீழாவே ஒட்டிடுங்க."

பைண்டர் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. "ஆகட்டும் சார். சொல்றவங்களுக்குச் சொன்னபடி. நீங்க சொல்லல, அதனால நேரா வெச்சேன்."

கேள்வி கேட்காத அந்தத் தொழிலடக்கம் மருந்துக்கடைக்காரருக்குப் பிடித்திருந்தது. கிளம்பும்போது பைண்டர் ஒரு பொட்டலத்தை நீட்டினார். "உங்க பழைய நூலும் பசைத்துணியும். வாடிக்கைக்காரங்க பொருள்ல ஒரு நூல்கூட நான் வெச்சுக்கறதில்ல. சில பேர் வந்து வாங்கிக்காம அது பாட்டுக்குப் பரண்ல கெடக்கு." பரணில் பெயர் எழுதிய பொட்டலங்கள் அடுக்கடுக்காக இருந்தன.

வெள்ளிக்கிழமை பெண்டுலம் மேல்நோக்கித் தொங்கியது. மருந்துக்கடைக்காரர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். பாதி மூச்சில் நிறுத்தினார்.

"படம் ஏன் ஒல்லியா இருக்கு?"

"ஒரு ஓரத்தை ஒட்டியிருக்கோம் இல்லையா? திருப்பினா அந்தப் பசை ஓரம் வெளிப்பக்கம் வந்துரும். பாக்க அசிங்கமா இருக்கும்னு ஒரு நூல் அகலம் வெட்டினேன். மறுபடி திருப்பச் சொன்னீங்க. மறுபடி ஒரு நூல்."

மற்ற பக்கங்களுக்கு நடுவில் அந்தப் படம் கூட்டத்தில் குனிந்து நிற்கும் ஆள் போல உள்வாங்கியிருந்தது. நீதிபதியின் கண்ணுக்கு இது தப்புமா?

மருந்துக்கடைக்காரர் தயங்குகிறவர் இல்லை. ஒரு துளி கூடிப்போனால் அதற்கேற்ற மாற்று மருந்து உண்டு என்று நம்புகிற தொழில் அவருடையது. "மத்த பக்கத்தையெல்லாம் படத்துக்குச் சமமா வெட்டிடுங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

பைண்டரே ஒரு கணம் யோசித்தார். பிறகு வெட்டும் எந்திரத்தின் பிடியை இறக்கினார்.

வெட்டியபின் பக்கங்கள் சமமாகிவிட்டன. ஆனால் அட்டை, அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி தொளதொளவென்று நின்றது. அட்டையையும் வெட்டினார்கள். அட்டையைச் சுற்றியிருந்த பொன்கோட்டில் வலது கோடு போய்விட்டது. உள்ளே கடிகாரக்காரரின் பென்சில் குறிப்பு 'மூன்று முறை செய்தேன், ஓட' என்பதோடு நின்றுவிட்டது. அதைப் பார்த்தபோது மட்டும் மருந்துக்கடைக்காரருக்கு நெஞ்சு கொஞ்சம் வலித்தது.

"துண்டுங்க நெறைய விழுந்திருக்கு சார். அடுக்கிக் கட்டி, ஞாயித்துக்கிழமை வீட்டுலயே கொண்டாந்து குடுத்துடறேன்," என்றார் பைண்டர்.

சனிக்கிழமை காலையில் மனைவி புத்தகத்தைக் கையில் எடுத்தாள்.

"என்னங்க, எண்பது வருஷத்துப் புத்தகம்னீங்க. ஓரமெல்லாம் இப்பப் பல்லு விளக்கின மாதிரி பளிச்சுனு இருக்கே?"

அவர் பார்த்தார். புதிதாக வெட்டிய ஓரங்கள் வெள்ளை வெளேர் என்றிருந்தன.

"எனக்குத் தெரியும், என்ன பண்ணணும்னு."

"நீங்க அப்படிச் சொல்லும்போதுதாங்க எனக்குப் பயமா இருக்கு."

அவர் கடைக்குப் போய் டிங்சர் அயோடின் பாட்டிலும் பஞ்சும் கொண்டு வந்தார். ஓரங்களில் மெல்ல ஒற்றி எடுத்தார். அருமையான பழுப்பு! எண்பது என்ன, நூறு வருஷம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கூடம் முழுக்க ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. அதைப் போக்க மனைவி ஊதுபத்தி ஏற்றினாள். ஊதுபத்தியும் அயோடினும் கலந்து, துக்கம் கேட்கப் போன வீட்டு வாசனை வந்தது.

"கடிகாரம் சரி பண்ற புத்தகத்துக்கு இவ்வளவு பாடு படறீங்களே, நம்ம வீட்டுக் கடிகாரம் நாலு மாசமா ரெண்டேகால்லயே நிக்குது. அதைப் படிச்சு இதைச் சரி பண்ணா என்ன?"

"அது படிக்கற புத்தகம் இல்லம்மா."

"அப்ப வேற என்னத்துக்கு?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. பன்னிரண்டாவது நாற்காலி என்று சொல்ல வெட்கப்பட்டு அயோடின் பாட்டிலை மூடினார்.

ஞாயிறு நாலு மணிக்கு நீதிபதி வந்தார். உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்தார். "மணி ரெண்டேகாலா?"

"அது அப்படித்தாங்க, ஐயா," என்றாள் மனைவி. "எப்ப வந்தாலும் சீக்கிரமா வந்த மாதிரி இருக்கும்."

நீதிபதி சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியையும் அளவுகோலையும் எடுத்து வைத்தார். புத்தகத்தைத் திறந்து முகர்ந்தார்.

"ஏன், புத்தகத்துக்குக் காயமா?"

"மருந்துக்கடையில கொஞ்ச நேரம் வெச்சிருந்தேன்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

நீதிபதி அறுபத்து நான்காம் பக்கத்துக்குப் போனார். தலைகீழ்க் கடிகாரத்தைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. மருந்துக்கடைக்காரருடைய முகமும் கூடவே மலர்ந்தது. நீதிபதி அளவுகோலை வைத்தார். மலர்ந்தது வாடியது.

"இது போலி."

"ஐயா!"

"முப்பது வருஷம் பொய்ச்சாட்சி பாத்தவன் நான். அசல் பிரதியில இந்தப் படம் மத்த பக்கத்தைவிட ஒரு நூல் குறுகலா இருக்கும். என்கிட்ட இருக்கற மூணுலயும் அளந்து பாத்திருக்கேன். அதைப் பத்திச் சங்கத்துல ஒரு மணி நேரம் பேசியிருக்கேன். உங்களோடதுல படமும் பக்கமும் அச்சு அசலாச் சமமா இருக்கு. யாரோ கழட்டித் திருப்பி ஒட்டியிருக்காங்க."

"கழட்டினது உண்மைதான். ஆனா..." என்று இழுத்தார் மருந்துக்கடைக்காரர். அசல்தான், நான்தான் கெடுத்தேன் என்று சொன்னால் அது இன்னும் பெரிய குற்றம்.

"கழட்டினதை ஒத்துக்கறீங்க. அது போதும்." நீதிபதி பூதக்கண்ணாடியை மடித்தார். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா போலியோட வர்றவருக்கு மூணாவது தடவை கேக்கற உரிமைகூடச் சங்கத்துல கிடையாது. அந்த நாற்காலியை மறந்துடுங்க."

மனைவிக்கு அப்போதுதான் புரிந்தது. 'ஒரு நாற்காலிக்காகவா?' என்று கேட்க வாயைத் திறந்தவள், கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, இவரு பதினோரு வருஷமாத் தேடினது இது," என்று மட்டும் சொன்னாள்.

"தேடலாம்மா. கண்ணு வேணுமில்ல?" நீதிபதி எழுந்து வாசல்பக்கம் திரும்பினார்.

வாசலில் பைண்டர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையில் பருமனான ஒரு பொட்டலம்.

"உங்க துண்டுங்க சார். எண்ணிப் பாத்துக்குங்க. அந்தப் பென்சில் எழுத்துல மிச்ச 'வில்லை'யும் உள்ள பத்திரமா இருக்கு," என்று மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தவர், நீதிபதியைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அட, ஐயாவும் இங்கதான் இருக்கீங்களா! உங்க மூணு புத்தகத்துலயும் நேரா இருந்த கடிகாரத்தைத் தலைகீழாத் திருப்பி ஒட்டினப்ப ஒரு நூல் வெட்டினோமே, அந்தத் துண்டுங்க அஞ்சு வருஷமா என் பரண்லயே கெடக்கு, எப்ப வந்து வாங்கிக்கப் போறீங்க?"