திங்கள் கட்டாயம்

படிக்கட்டு பாதி வானத்தில் நின்றுவிட்டது. ஏறுகிறவன் உச்சிவரை போய், கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பி இறங்க வேண்டியதுதான். அதைவிடப் பெரிய சங்கடம், அந்த ஊரில் ஒரு வீட்டுக்கும் வாசல் இல்லை.

அது கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த ஊர். மேகத்தின் மேல் மிதக்கும் இரவு நகரம். ஒரு மாயாஜால நாவலுக்கு அட்டைப்படம். வேண்டியதை வார்த்தையாகத் தட்டினால் அது படமாகப் போட்டுத் தரும். தட்டியவருக்குப் பதிப்பகத்தில் ‘பார்சல்’ என்று பெயர். கல்யாணமான நாளிலிருந்து மச்சானின் பதிப்பகத்தில் புத்தகங்களைக் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தவர். மச்சான் மட்டும், நல்ல மூடில் இருந்தால், ‘மாப்பிள்ளை’ என்பார்.

இந்த அட்டை தேறினால் கம்ப்யூட்டர் நாற்காலி அவருக்கு. தேறாவிட்டால் பழையபடி சணல் கயிறு. பார்சலுக்கு அந்த நாற்காலி மேல் உயிர். அது சுழலும் என்பதற்காக அல்ல. அதில் உட்கார்ந்துவிட்டால் யாரும் தன்னைப் பார்சல் என்று கூப்பிட மாட்டார்கள் என்று நம்பினார், பாவம்.

நாவலாசிரியர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஒரு பொருளுக்கு இரண்டு சொல் இருந்தால் பழையதைத்தான் எடுப்பார். யானை அவருக்குக் களிறு, குதிரை புரவி. ஒருமுறை பதிப்பகத்துக்கு வந்து, புழுக்கமாக இருக்கிறது, சாளரம் திறக்க என்று அவர் சொன்னபோது, மச்சான் புத்தக அலமாரியைத் திறந்து காட்டினார். புரியவில்லை என்று சொல்லிக்கொள்வது மச்சானின் பரம்பரையிலேயே இல்லை.

முதல் படத்தைப் பார்த்த நாவலாசிரியர் போனில் கருத்துச் சொன்னார். மச்சான் அதைக் கொண்டுவந்து சேர்த்தார்.

"படிக்கட்டு மொட்டையா நிக்குதாம். வாசலே இல்லையாம். மத்தபடி ஊர் பிடிச்சிருக்காம், மாப்பிள்ளை. ஆனா திங்கள் வேணுமாம்."

"திங்களா? நடுவுல ஞாயித்துக்கிழமை ஒண்ணுதானே இருக்கு?"

"திங்கள் கட்டாயம்னு ரெண்டு தடவை சொன்னாரு. அது இல்லாம புத்தகமே வேண்டாங்கிறாரு."

பார்சல் கம்ப்யூட்டரை வீட்டுக்குத் தூக்கிவந்தார். வாசல் வை என்று தட்டினார். அது வீட்டுக்கு வைத்தது, மதில்சுவருக்கு வைத்தது, மேகத்துக்கு வைத்தது, பறந்துகொண்டிருந்த ஒரு கொக்கின் வயிற்றிலும் தாழ்ப்பாளோடு ஒன்று வைத்தது. படிகளைச் சேர்த்து வை என்றால், ஊரிலுள்ள எல்லாப் படிகளும் சிக்குப் பிடித்த தலைமுடிபோல ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த ஊர்ல மனுஷங்க இருக்காங்களா, இல்லையா? ஒரு துணிகூட காயலையே."

நியாயமான கேள்வியாகப் பட்டதால் அதையும் தட்டினார். கோபுரத்துக்குக் கோபுரம் துணிக்கொடி வந்துவிட்டது. அரண்மனை உப்பரிகையில் யாரோ ராஜாவின் போர்வையைப் பிழிந்து போட்டிருந்தார்கள். எடுக்க நேரமில்லை. திங்களன்று காலையில் படம் அப்படியே போய்ச் சேர்ந்தது.

மச்சான் பெருமையாகப் போன் செய்தார். "ஐயா, நீங்க கேட்டபடி திங்கள் குடுத்துட்டோம்."

நாவலாசிரியர் படத்தை மூலைக்கு மூலை துழாவினார். பிறகு, "எங்கே ஐயா? எவ்வளவு தேடியும் திங்களைக் காணோமே" என்று குரல் வந்தது.

மச்சான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, மனுஷனுக்கு இன்றைக்கு என்ன கிழமை என்றே தெரியவில்லை, வயதாகிவிட்டது என்று பார்சலிடம் பரிதாபப்பட்டார். நாவலாசிரியர் துணியையும் கொக்கின் கதவையும் எடுக்கச் சொன்னார். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு, "திங்கள் உங்களால் இயலாதெனில் வெள்ளியாவது இருக்கட்டும்" என்றார்.

மச்சானுக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல இருந்தது. வெள்ளிவரை தவணை கொடுத்துவிட்டாரே, தங்கமான மனிதர் என்றார்.

கையில் நேரம் மிஞ்சினால் பார்சல் ஆபத்தானவர். கோபுரத்தின் மேல் கோபுரம் ஏற்றினார். பறக்கும் கப்பல்களை விட்டார். மீதி இடத்தில் ஒரு டிராகனை மடித்து வைத்தார். கட்டுக்கட்டிப் பழகிய கை, காலி இடத்தைச் சும்மா விடுமா? விரல் வைக்கக்கூட வானம் மிச்சமில்லை. மூச்சு முட்டுகிறது என்றாள் மனைவி. மச்சானோ முதுகில் தட்டிக்கொடுத்தார். பார்சல் அன்று நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளியன்று படம் போனது. சற்று நேரத்தில் நாவலாசிரியரே கூப்பிட்டார்.

"திங்களும் இல்லை. வெள்ளியும் இல்லை."

"ஐயா, இன்னிக்கு வெள்ளிதான்" என்றார் மச்சான், குழந்தைக்குச் சொல்வதுபோல. "சரி, போகட்டும். எங்களுக்கு லீவுன்னாலும் பரவாயில்ல. உங்களுக்காக ஞாயிறு போட்டுத் தர்றோம்."

"ஞாயிறா? ஞாயிறு வந்தால் என் நகரமே அழியுமே. கதையைப் படித்தீர்களா, இல்லையா?"

போன் வைக்கப்பட்டுவிட்டது. கதையை யாரும் படித்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊர் எதற்கு அழிய வேண்டும் என்று மச்சான் காலண்டரைப் புரட்டிப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"பார்சல், அந்தக் கயிறை எடுங்க."

ஒரு வாரமாகக் கேட்காத பெயர். நாற்காலியை மேஜைக்குள் தள்ளிவிட்டு சணல் கயிற்றைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் மறுபடி அடித்தது. பக்கத்தில் இருந்தவர் அவர்தான் என்பதால் எடுத்தார். பேசியது நாவலாசிரியரின் மனைவி. அட்டைப்படம் போடுகிறவரா என்று விசாரித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, அநேகமாகக் கடைசித் தடவையாகவும், பார்சல் ஆமாம் என்றார்.

"மனுஷன் சாப்பிடாம சுவரைப் பாத்துப் படுத்துக் கிடக்காரு, தம்பி. ராத்திரி ஊராச்சே, மேல ஒரு நிலா போடுங்கன்னு கேட்டா, அதுக்கு ஒரு வாரமா?"