பச்சை எரியும்போது மயங்கக் கூடாது

நெருப்பைக் கண்டுபிடித்த மனித குலம், அதன் முன்னால் நிற்கிறவனுக்குச் சுடுமா சுடாதா என்பதைக் கண்டுபிடிக்கப் பல்லாயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்த மகத்தான ஐயம் தீர்ந்த இடம் கோயமுத்தூர் கணபதியில் பம்புகளுக்கு இரும்பு உருக்கி வார்க்கும் ராமுலு பவுண்டரி. தீர்த்துவைத்தவர் சென்னகிருஷ்ணன். டைம் ஆபீசில் யார் லேட் என்று பார்த்துக்கொண்டிருந்த மனிதர், இந்தக் கோடையில் 'உடல்வெப்பப் பாதுகாப்பு அலுவலர்' ஆகிவிட்டார். லேசுப்பட்ட பதவியா அது?

பம்ப் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், உலையடியில் நிற்கும் தொழிலாளி வெப்பத்தில் சுருண்டு விழக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதனால் ஆளுக்கொரு கைப்பட்டை வந்தது. உடம்புச் சூடு அளவோடு இருந்தால் பச்சை எரியும். எல்லை தாண்டினால் சிவப்பு. சிவப்பு எரிந்தவர் நிழலில் உட்கார்ந்து, உப்புப் போட்ட மோர் குடித்து, உடம்பு ஆறிய பிறகுதான் வேலைக்குத் திரும்ப வேண்டும். பட்டைகளைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது என்பதால் அதற்கு ஓர் ஏசி அறை கட்டினார்கள். கம்ப்யூட்டரின் தயவில் சென்னகிருஷ்ணனும் அங்கே குடியேறி, குளிர் தாங்காமல் ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டார். அடுத்தவர் வெப்பத்துக்காக ஒரு மனிதர் இவ்வளவு நடுங்கியதை உலகம் கண்டதில்லை.

முதல் நாளே மானம் போயிற்று. காலை டீ வருவதற்குள் எல்லார் கையும் சிவந்துவிட்டது. மொத்தப் பவுண்டரியும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து மோர் குடித்தது. உள்ளே இரும்பு மட்டும் கேட்பாரில்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது.

அவசரக் கூட்டம் கூடியது. முதலாளி ராமுலு பேசினார்.

"ஏனுங்க சென்னகிருஷ்ணன், இது என்ன ஊருங்க?"

"கோயமுத்தூருங்க."

"பாலக்காட்டுக் காத்து வீசுற ஊரு. சிறுவாணித் தண்ணி குடிக்கிற ஊரு. இங்க எப்படீங்க ஆளுகளுக்குச் சூடு ஏறும்?"

சென்னகிருஷ்ணனுக்கு மெய்சிலிர்த்தது. 'எங்க ஊர் கிளைமேட் மாதிரி வருமா' என்று வெளியூர்ச் சொந்தக்காரர்களிடம் அவர் பீற்றிக்கொள்ளாத கல்யாணம் கிடையாது. மே மாதக் கல்யாணத்தில்கூட, பத்திரிகையால் விசிறிக்கொண்டே பீற்றியிருக்கிறார்.

"மெஷினு மெட்ராஸ் ஆளுகளுக்குன்னு செஞ்சதா இருக்குமுங்க."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். அந்த எல்லையைக் கொஞ்சம் ஏத்திப்போடுங்க."

ஏற்றிப்போட்டார். அந்த அறிவியல் சாதனைக்குக் 'கோவைத் தட்பவெப்பத் திருத்தம்' என்று பெயரும் சூட்டினார். மறுநாள் பவுண்டரி தொண்டாமுத்தூர்த் தோட்டம் மாதிரி பச்சைப்பசேல் என்றிருந்தது. மரத்தடி காலி. முன்பெல்லாம் கிறுகிறுவென்று வந்தால் யாரையும் கேட்காமல் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த அநாகரிகம் இப்போது ஒழிந்தது. 'பச்சை எரியும்போது ஓய்வு இல்லை' என்று போர்டே மாட்டிவிட்டார்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வருவதற்கு முந்தின நாள், உருகிய இரும்பை அச்சில் ஊற்றும் சஹீர் ஏசி அறைக் கதவைத் தயங்கித் தயங்கித் திறந்தார்.

"சார், தலை சுத்துதுங்க. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேனுங்க."

சென்னகிருஷ்ணன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "பச்சைதானுங்களே சஹீர்."

"வேர்வையே நின்னுபோச்சுங்க சார்."

"நல்லதுதானுங்களே. உடம்பு குளுந்துருச்சுன்னு அர்த்தம்."

"அப்ப எனக்குத் தலை சுத்தலைங்களா?"

"மெஷினு பொய் சொல்லாது கண்ணு."

சஹீர் மரியாதை தெரிந்தவர். "சரிங்க சார்" என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு உலைக்குப் போனார். சென்னகிருஷ்ணனுக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. அந்த முகம் நெருப்பாய்ச் சிவந்திருந்ததை இரண்டு கண்ணாலும் பார்த்தாரே! ஆனால் கண்ணால் பார்த்ததைச் சேர்த்துக்கொள்ளக் கம்ப்யூட்டரில் இடமில்லை. பதவி வேறு புதுசு.

சற்று நேரத்தில் உலையடியில் கூச்சல் கேட்டது. சஹீர் விழுந்துவிட்டார். நல்லவேளை, கையில் இரும்புக் குழம்பு இல்லை. கம்ப்யூட்டரில் மட்டும் அவர் நின்றுகொண்டு, பச்சையாக, திவ்வியமாக இருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஐஸும் ஈரத்துணியுமாகப் போர்த்தினார்கள். "பொழச்சுக்குவாரு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்ற டாக்டர், ட்ரிப்ஸ் ஏற்றுவதற்காகக் கைப்பட்டையைக் கழற்றப் போனார்.

"ஒரு நிமிஷமுங்க டாக்டர்" என்று சென்னகிருஷ்ணன் குறுக்கே பாய்ந்தார். "அதைக் கழட்டினா விதிமீறல்னு சிவப்பு உழுந்துருமுங்க. நாளைக்கு வெளிநாட்டுக்காரங்க வாராங்க. திருத்தத்துக்கப்புறம் ஒரு சிவப்புக்கூட எங்களுக்குக் கிடையாதுங்க."

டாக்டர் அவரைப் பார்த்த பார்வையை இங்கே விவரிப்பது பண்பாகாது. பட்டை கழன்றது. சென்னகிருஷ்ணன் அதைத் தாவிப் பிடித்து, சிவப்பு விழுவதற்குள் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். பச்சை! அப்பாடா, நிறுவனத்தின் மானம் தப்பியது. பெருமூச்சு விட்டு நிமிர்ந்தால், எதிரே சஹீரின் மனைவி ரம்ஷா நின்றிருந்தார்.

"ஏனுங்க சார், அதுல இப்ப இவரு எப்படி இருக்காருங்க?"

"நல்லா இருக்காருங்க அம்மணி" என்று வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் சென்னகிருஷ்ணனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ரம்ஷா கட்டிலில் கிடந்த கணவரின் காலைத் தடவிக்கொடுத்தபடியே கேட்டார்.

"அப்ப வேலைக்கு அதையே அனுப்பியிருக்கலாமுங்களே சார். கூட இவரை எதுக்குங்க அனுப்புனீங்க?"