பத்து மா நிலமும் ஒரு கார்புரேட்டரும்

வேலை தெரியாதவன் என்று பெயர் எடுப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. யாரும் உங்கள் மேல் சதி செய்ததாகக் குற்றம் சாட்ட முடியாது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் ஒர்க்‌ஷாப் வாசலில், கடைத்தெருவே கூடி நிற்க, செய்துகாட்டி நிரூபித்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்துவிட்டு, திருவையாற்றுக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒர்க்‌ஷாப் திறந்திருந்தேன். போர்டில் என் பெயரைவிட ‘டிப்ளமா’ பெரிதாக இருக்கும். வந்ததெல்லாம் மொபெட்டும் டிராக்டரும்தான். பஞ்சர் ஒட்டும்போதுகூட நான் ஏதோ பெரிய ஆராய்ச்சியில் இருப்பவன்போல முகத்தை வைத்துக்கொள்வேன்.

எங்கள் ஊர் மிராசுதாரிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே சீட், கூரை கிடையாது, மழைக்கு இழுத்து மூட ஒரு கான்வாஸ். அவருடைய அப்பா வாங்கியது. அதன் சொந்த இன்ஜின் எப்போதோ உயிரை விட்டுவிட, மெட்ராஸில் படித்த அவர் மகன், விபத்தில் நொறுங்கிய வேறொரு காரின் இன்ஜினை எடுத்து இதில் உட்காரவைத்திருந்தான். இன்ஜெக்‌ஷன் இன்ஜின். பெட்ரோலை எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்று ஒரு கம்ப்யூட்டர் பெட்டி முடிவு செய்யும். மகன் அமெரிக்கா போனதும் காரை வைக்கோல் கொட்டகையில் விட்டார்கள். தை அறுவடை முடிந்து வயலில் வேலை இல்லாமல் போன எலிகள் கொட்டகைக்குக் குடிவந்து, அந்தப் பெட்டிக்குப் போகிற வயர் அத்தனையையும் தின்றுவிட்டு, பெட்டிக்குள் குட்டியும் போட்டுவிட்டன.

இதே மிராசுதார்தான் என் அப்பா மேல் கேஸ் போட்டிருந்தார். அப்பா அவருடைய பத்து மா (மூன்றேகால் ஏக்கர் சொச்சம்) நிலத்துக்குப் பதிவு பெற்ற குத்தகைதாரர். என் தாத்தா அதே நிலத்தில் கூலி ஆள். நிலம் சொந்தச் சாகுபடிக்கு வேண்டும், காலி செய்ய வேண்டும் என்பது மிராசுதாரின் மனு. தஞ்சாவூரில் ரெவின்யூ கோர்ட்டில் அது வாய்தா மேல் வாய்தாவாக ஓடிக்கொண்டிருந்தது.

அதற்காக அவர் என்னிடம் வராமல் இருக்கவில்லை.

“கேஸ் அதுபாட்டுக்கு நடக்கட்டும். வண்டியை நீ பாக்குறியா சேகரு? பெட்டி மெட்ராஸ்லயே கிடைக்காதுங்குறான்.”

“பெட்டி எதுக்குங்க? எல்லாத்தையும் கழட்டிட்டுக் கார்புரேட்டர் போட்டுடலாம்” என்றேன். (‘ங்க’ வந்ததே தவிர பணிவு வரவில்லை.)

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “ஏண்டா, நம்மளை நிலத்தை விட்டுக் காலி பண்ணப் பாக்குறவரு வண்டியா உனக்குக் கிடைச்சுது?” என்றார்.

“வண்டி என்னப்பா பண்ணுச்சு?” என்று பெருந்தன்மையாகப் பதில் சொன்னேன். உண்மையில் கேஸ் என் மனதிலேயே இல்லை. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்குள் தலையை விட்டு வேலை செய்வதை ஊர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலை ஜோராக நடந்தது. பழைய டாக்சி ஒன்றின் கார்புரேட்டரை வாங்கி, அது இன்ஜினில் உட்கார லேத்தில் கொடுத்து ஒரு தகடு கடைந்து, கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த தீப்பொறி வேலைக்குப் பழைய மாடல் டிஸ்ட்ரிபியூட்டர் மாட்டினேன். ஆஸ்பத்திரி குளுக்கோஸ் பாட்டிலில் பெட்ரோலை ஊற்றி, மேலே உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். பூனை மாதிரி உறுமியது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்து பார்த்தார்கள். டாங்கில் பைப்பை மாட்டுவது ஒன்றுதான் பாக்கி.

பழைய பெட்ரோல் பம்ப் டாங்குக்குள்ளேயே இருந்தது. அது இன்ஜெக்‌ஷனுக்கானது. பீய்ச்சி அடிக்கும். கார்புரேட்டருக்கோ சும்மா கசிந்து வந்தாலே போதும். அதற்குள் ஒரு குட்டி மிதவை இருக்கிறது. போதுமான பெட்ரோல் வந்ததும் மேலே எழும்பி வழியை அடைத்துக்கொள்ளும். குளுக்கோஸ் பாட்டிலை அடைக்கிற சக்தி அதற்கு உண்டு. அந்தப் பம்பை அடைக்கிற சக்தி கிடையாது. ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவில் மதகு எதற்கு என்று காவிரிக் கரையில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். நானோ, ‘நல்ல வலுவான பம்ப், இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று ஆற்றை அப்படியே வரப்பை உடைத்து உள்ளே விட்டேன்.

விட்ட நாள்தான் விசேஷம். அன்று விசாரணை. வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் இரண்டு தரப்பும் நேரிலேயே வந்தாக வேண்டும். வராதவர் தரப்பு தோற்றது என்று கேஸை விசாரிக்கிற ரெவின்யூ அதிகாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நடவு வேலையில் அப்பா ஏற்கெனவே ஒரு விசாரணைக்குப் போகாமல் விட்டிருந்தார். இன்றும் போகாவிட்டால் நிலம் கையை விட்டுப் போய்விடும். பார்த்தால், சம்பாவுக்குத் தண்ணீர் கேட்டு மெயின்ரோட்டில் மறியல். பஸ் இல்லை.

அப்பா துணிப்பையில் பத்திரங்களோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். பின்னாலேயே மிராசுதாரும் வந்தார். அவருடைய இன்னொரு கார் மகளோடு குத்தாலம் போயிருந்தது.

“ஆத்தங்கரை ரோட்டு வழியா போயிடலாங்க” என்றேன், பைப்பை மாட்டிக்கொண்டே.

மிராசுதார் அப்பாவைப் பார்த்தார். “நீயும் ஏறிக்க கோவிந்தராஜு. நீ வராம நான் ஜெயிச்சா ஊர்ல மரியாதையா இருக்காது.”

“நானும் அதைத்தாங்க நெனச்சேன்” என்றார் அப்பா.

இரண்டே சீட். ஓட்டுவது நான். மிராசுதார் பக்கத்தில். அப்பா எங்களுக்குப் பின்னால், சுருட்டி வைத்த கான்வாஸின் மேல். அதாவது மனுதாரர் கீழே, எதிர்மனுதாரர் அவர் தலைக்கு மேலே. வழியில் இருந்தவர்கள் ஏதோ வேட்பாளர் போகிறார் என்று நினைத்து அப்பாவுக்குக் கும்பிடு போட்டார்கள். அப்பாவும் ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பதில் கும்பிடு போட்டார். வேறு என்ன செய்ய முடியும்?

கிளம்பும்போதே கரும்புகை. மெதுவாகப் போனால் இன்ஜினுக்கு மூச்சு முட்டியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் குடித்த பெட்ரோலையெல்லாம் எரித்துக்கொண்டு பறந்தது. ஆகவே பறந்தோம். “என்னய்யா பெட்ரோல் வாடை?” என்றார் மிராசுதார். “புது கார்புரேட்டர்னா கொஞ்ச நாளைக்கு அப்படித்தாங்க இருக்கும்” என்றேன். (அந்தக் கார்புரேட்டருக்கு என் வயது இருக்கும்.)

திருவையாறு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள். குறுவை நெல். பாதி ரோட்டை அடைத்துப் பரப்பி, ஓரத்தில் கருங்கல் வைத்திருந்தார்கள். வேகத்தைக் குறைத்தேன். வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு, நெல்லின் மேலேயே ஏறி நின்றது. பானெட்டைத் திறந்தேன். கார்புரேட்டரின் எல்லா ஓட்டைகளிலிருந்தும் பெட்ரோல் கொப்பளித்து நெல்லில் வழிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் மிராசுதார் கவலை தாங்காமல் ஒரு சிகரெட்டை எடுத்து வாயில் வைத்து, தீப்பெட்டியை உரசப் போனார்.

அப்பா மேலிருந்து குதித்து, அவர் வாயிலிருந்த சிகரெட்டையும் கையிலிருந்த தீப்பெட்டியையும் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அவர்கள் கையிலிருந்து எதையும் பிடுங்கிய ஆள் கிடையாது. மிராசுதார் வாயைத் திறந்தபடி நின்றார். அப்பாவும்தான்.

அதற்குள் நெல்லுக்காரம்மா துடைப்பத்தோடு வந்துவிட்டார்.

“கொள்முதல் நிலையத்துல ஈரம் இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டான். இப்ப பெட்ரோல் இருக்குன்னு அனுப்புவான். எவன்டா ஓட்டுனது?”

“அம்மா, கோர்ட்டுக்குப் போகணும்” என்றார் மிராசுதார்.

“போங்க. நெல்லை ஒதுக்கிக் குடுத்துட்டுப் போங்க.”

நான் பம்ப் வயரைப் பிடுங்கிவிட்டு நிமிர்ந்தபோது மனுதாரரும் எதிர்மனுதாரரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார்கள். அந்தம்மாவுக்குப் பயந்து அல்ல. நனைந்த நெல்லைப் பார்த்துவிட்டு எழுந்து போக இரண்டு பேராலும் முடியவில்லை. பெட்ரோல் பட்டதைத் தனியாக, படாததைத் தனியாக அள்ளினார்கள்.

“என்ன ரகம்மா?” என்றார் மிராசுதார், ஒரு கை நெல்லை முகர்ந்து.

“ஆடுதுறை முப்பத்தாறு.”

“பதர் ஜாஸ்தியா இருக்கே” என்றார் அப்பா.

“யூரியாவைக் கொட்டியிருப்பாங்க. உன்னை மாதிரி” என்றார் மிராசுதார். அதிலிருந்து யூரியா பற்றி ஒரு சண்டை ஆரம்பித்தது. வண்டியைத் தள்ளி ஓரம் கட்டும்போதும் அது நடந்துகொண்டிருந்தது. கோர்ட்டுக்கான நேரம் போய்விட்டதை முதலில் கவனித்தவன் நான்தான். அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு கருங்கல்லின் மேல் உட்கார்ந்தார்.

மறுநாள்தான் சேதி தெரிந்தது. அப்பா மட்டும் வராமல் இருந்திருந்தால் நிலம் போயிருக்கும். இரண்டு பேருமே வரவில்லை. வழக்குப் போட்டவரே வராததால் மனு தள்ளுபடி.

அன்று மாலையிலிருந்து நான் பெரிய மனிதன். “எதிராளியை அவன் கார்லயே ஏத்தி நடுவழியில கவுத்துட்டாம்பா” என்று டீக்கடையில் பேச்சு. இரண்டு கழகத்துக்காரர்களும் தனித்தனியாக வந்து கைகொடுத்தார்கள். விவசாயிகள் சங்கத்துக்காரர் ஒருவர் பொன்னாடைக்கே ஏற்பாடு செய்தார். ‘இல்லைங்க, எனக்குத் தொழில் தெரியாது’ என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? “எல்லாம் ஒரு கணக்குதான்” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஓசி டீயை உறிஞ்சினேன்.

அந்த ஒரு வார்த்தை மிராசுதார் வீட்டுக்குப் போய்விட்டது. ஒருநாள் காலை, டீக்கடையில் கூட்டமாக இருந்த நேரம், ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். அப்பாவும் அங்கே இருந்தார்.

“வண்டி கெட்டுப்போச்சுன்னு சொன்னா அந்த அதிகாரி நம்ப மாட்டார். எல்லாரும் அதையேதான் சொல்றாங்களாம். குத்தகைக்காரன் மவன் சதி பண்ணிட்டான்னு நான் சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்தா மனுவை மறுபடி விசாரணைக்கு எடுத்துக்குவாங்களாம். வக்கீல் தயாரா வச்சிருக்கார். நான் கையெழுத்துப் போடலை. உன்கிட்டக் கேட்டுட்டுப் போடலாம்னு வந்தேன். வேணும்னு பண்ணியா?”

டீக்கடைக் கூட்டம் ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வந்துவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார். அந்த நாட்களில் அவர் என்னைப் பெருமையாகப் பார்க்க ஆரம்பித்திருந்தார். அதை இழக்கத்தான் எனக்கு அதிகம் வலித்தது.

“இல்லைங்க. எனக்குத் தொழில் தெரியலைங்க” என்றேன்.

“எல்லாம் ஒரு கணக்குன்னியாமே?”

வாயால் சொல்லி இனி பயனில்லை. கட்டி இழுத்துவந்து நிறுத்தியிருந்த காரின் பானெட்டைத் திறந்து, எல்லாரையும் பீடியை அணைக்கச் சொல்லிவிட்டு, கார்புரேட்டரிலிருந்து பைப்பைக் கழற்றி மேலே பிடித்தேன். “குளுக்கோஸ் பாட்டில் தாங்குற எடத்துல இதை விட்டிருக்கேங்க” என்று பம்பைப் போட்டேன். பெட்ரோல் எழும்பிப் போய் என் போர்டில் அடித்தது. சரியாக ‘டிப்ளமா’ மேல். பெயின்ட் கரைந்து என் சட்டையில் சொட்டியது.

மிராசுதார் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வேணும்னு பண்றதுக்கு இது தெரிஞ்சிருக்கணுமே” என்றார். அப்புறம் அப்பாவிடம், “உன் மவனை நம்பி கேஸ் நடத்தாத கோவிந்தராஜு. என் வண்டியையும் இனிமே குடுக்க மாட்டேன்” என்றார். அந்தக் கையெழுத்தை அவர் போடவே இல்லை.

பொன்னாடை வரவில்லை. ரொம்ப நாளைக்கு மொபெட்டுகூட வரவில்லை. அன்று வீட்டுக்கு நடக்கும்போது, “உங்களுக்கு அசிங்கமா போச்சா?” என்று அப்பாவைக் கேட்டேன்.

“நீ வேணும்னு பண்ணியிருந்தா நான் அவரு மூஞ்சியைப் பாத்து அந்த நெலத்துல எறங்க முடியாதுடா. இப்ப முடியும்” என்றார்.

அந்தப் பத்து மா இன்றும் எங்கள் சாகுபடியில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியம் நடந்தாலும், சாம்பார் நன்றாக அமைந்தாலும், பிள்ளை பரீட்சையில் பாஸானாலும், “வேணும்னு பண்ணல” என்று யாராவது ஒருவர் சொல்லாமல் விடுவதில்லை. போன வாரம் வயலுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். நான் வாய்மடையில் மண்வெட்டியை வைத்ததும் அப்பா வரப்பிலிருந்தே குரல் கொடுத்தார்: “பாத்துத் தொறடா. உள்ள இருக்குறது நெல்லு.”