ஸ்டோரில் உருகிய தண்டட்டி

பழைய நகை இருக்கும் வீட்டில் அந்த நகையை யாரும் போட்டுக்கொள்வதில்லை. எல்லோரும் சேர்ந்து காவல்தான் காக்கிறார்கள். பீரோச் சாவி எங்கே, பீரோ பூட்டியிருக்கிறதா, பூட்டினதை யார் பார்த்தது என்றே பாதி ஆயுள் போய்விடும். இதை எடுத்து அழகு பார்க்கலாம் என்று நினைத்த ஒரே முட்டாள் எங்கள் சொந்தத்தில் நான்தான்.

எங்கள் வீட்டு விசேஷங்களில் சாம்பாருக்கு அப்புறம் ரசம் வருகிற மாதிரி என் கதையும் வந்துவிடும். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கோபம்கூட வருவதில்லை, கொட்டாவிதான் வருகிறது. நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதிவைத்துவிட்டால் தேவலை என்று தோன்றியது. (மாமியார் படித்துவிடுவாரே என்று நீங்கள் பயப்பட வேண்டாம். பேப்பரில் மணமகன் தேவை பக்கத்தைத் தவிர அவர் வேறெதையும் படிப்பதில்லை. எங்கள் வீட்டில் கல்யாண வயதில் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.)

நான் போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். வீட்டுக்காரருக்குப் போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம். சில வருடங்களுக்கு முன்பு, செல்போனில் ஒரு அம்மாள் புன்னகையோடு வந்து, பருவத்துக்கேற்ற பழைய நகை என்று பாடம் எடுத்தார். வெயிலுக்கு வெள்ளி, மழைக்குச் சிவப்புக் கல், பனிக்கு முத்து. பழைய நகை நம்மோடு விளையாடும் என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை மட்டும் சத்தியம்.

வெயிலுக்கு என் அம்மா வீட்டு வெள்ளிக் காப்பை எடுத்து மாட்டினேன். போடி சித்திரை வெயிலில் அது ஒரே வாரத்தில் கறுத்து, மணிக்கட்டைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையமும் போட்டது. "காத்துக் கருப்புக்குக் கட்டுனதா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். வெள்ளி ஏன் கறுக்கிறது என்று அவர்களுக்கு நடத்தியதே நான்தான்.

ஆனியில் சிவப்புக் கல் அட்டியல். சிலமலையில் ஒரு கல்யாணத்துக்குப் பஸ்சில் போனேன். ஆனிக் காற்றில் தலைப்பு பறந்து வந்து அட்டியலின் கொக்கியில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் பட்டு கிழியும், விட்டால் கழுத்து திரும்பாது. கல்யாணம் முழுக்கத் தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நான் ஏதோ கோபத்தில் இருப்பதாக நினைத்துத் தனியாக வந்து சமாதானம் பேசினார்கள். ஒருத்தர் சுளுக்குத் தைலம் கொடுத்தார்.

மார்கழியில் முத்துச்சரம். நூல் இற்றுப்போயிருந்தது எனக்கென்ன தெரியும்? கோயிலில் பொங்கல் வாங்கக் குனிந்தபோது பொலபொலவென்று கொட்டிவிட்டது. பாதியைப் பொறுக்கினேன். மீதியைப் பிரசாதம் வாங்கியவர்கள் கடித்துக் கண்டுபிடித்தார்கள். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த மனசு வரவில்லை.

இங்கேதான் அத்தையின் தண்டட்டி வருகிறது. அத்தை என்றால் என் மாமியார். தண்டட்டி, அந்தக் காலத்துப் பெண்கள் காதை நீளமாக வளர்த்துப் போட்டுக்கொண்ட தங்கக் காதணி, பார்க்கச் சின்னப் பூட்டு மாதிரி இருக்கும். அத்தைக்கு அது அவருடைய ஆத்தா வீட்டுச் சீர். ஆனால் அவர் கல்யாணமாகி வந்தபோதே நீளக் காது வழக்கொழிந்துவிட்டதால் காதை வெட்டித் தைத்துவிட்டார்கள். அதனால் அத்தை அதைக் காதில் போட்டதே இல்லை, கையில்தான் போட்டார். யார் வந்தாலும் அவர்கள் உள்ளங்கையில் அந்த ஜோடியை வைப்பார்.

"தூக்கிப் பாரு. கெட்டி."

நிலபுலன் இல்லாத வீட்டிலிருந்து வந்த மருமகள் என்று ஒரு காலத்தில் ஓரகத்திகள் அவரைக் குத்திப் பேசியபோதெல்லாம் அத்தை அதிகம் பேசாமல் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே நிமிர்ந்திருக்கிறார். உள்ளும் புறமும் தங்கம், கெட்டித் தங்கம். அதை நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டுவந்தேன்.

அடுத்த ஆடி மாசக் கடைசியில் தேவாரத்தில் என் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என் வீட்டுக்காரர், பிள்ளை அவர் மடியில்தான் உட்கார வேண்டும். காது குத்துவதற்கு முன்னால் தண்டட்டியைப் பிள்ளையின் காதில் தொட்டு எடுப்பது அத்தை வீட்டு வழக்கம். அத்தை அந்த ஜோடியை ஒரு மஞ்சள் துணிப் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"பழைய நகைன்னா நீதான உசுர விடுவ. பூந்திக்கொட்ட போட்டு நல்லா வெளக்கி, ஞாயித்துக்கிழம வெரசாக் கொண்டா. பத்தரம்."

பத்திரமாகத்தான் வைத்திருந்திருப்பேன், அந்தச் செல்போன் அம்மாள் இல்லாவிட்டால். பழைய காதணியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டால் சாரல் காலத்துக்கு அவ்வளவு பொருத்தம் என்று அவர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை வீட்டுக்காரர் தோட்டத்துக்கு ஜீப்பில் கிளம்பினார். நானும் தண்டட்டியோடு ஏறிக்கொண்டேன். ஏலச்செடிக்கு நடுவில் நின்று ஒரு போட்டோ. அவ்வளவுதான் ஆசை.

"இது உனக்குத் தேவையா?" என்றார் வீட்டுக்காரர். இந்தக் கேள்வியை அவர் என் வாழ்க்கையில் பலமுறை கேட்டிருக்கிறார். ஒருமுறைகூடத் தவறான இடத்தில் கேட்டதில்லை.

மலையில் சாரல் என்றால் சும்மா தூறல் இல்லை. போட்டோவுக்குச் சிரித்த சிரிப்பை மூடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது, நான் வழுக்கினேன், கயிறு அறுந்தது, தண்டட்டி சேற்றுக்குள் போனது. தேடி எடுத்து, கழுவி, பூந்திக்கொட்டை நுரையில் தேய்த்து, மறுபடி கழுவினேன். பளபளவென்று இருந்தது. ஈரம் மட்டும் உள்ளே எங்கோ நின்றுகொண்டு சொட்டிக்கொண்டே இருந்தது. (கெட்டித் தங்கத்துக்குள் தண்ணீர் எப்படிப் போகும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது தினமும் தோன்றுகிறது.)

ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்போம். வெளியே விறகு எரியும், உள்ளே சூட்டுக் குழாய்கள் ஓடும், அதற்கு மேலே தட்டுத்தட்டாகக் காய் காயும். சாரல் மாசத்தில் மலையில் எது நனைந்தாலும் ஸ்டோரில்தான் போடுவோம். சட்டை, சாக்கு, ஸ்வெட்டர், ஒருமுறை வீட்டுக்காரரின் ஆதார் அட்டை. நானும் தண்டட்டியை மஞ்சள் பையில் போட்டுச் சூட்டுக் குழாயின் மேலேயே வைத்தேன். ஒரு நிமிடம் யோசித்துத்தான் வைத்தேன். தங்கம் உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும், ஸ்டோர் சூட்டில் அதற்கு என்ன ஆகிவிடப்போகிறது? வேதியியல் படிக்காத யாராக இருந்தாலும் அதை முந்தானையில் துடைத்து வெயில் வரும்வரை காத்திருப்பார்கள்.

சாயங்காலம் ஸ்டோரில் அடுப்புப் பார்க்கும் பாபு சேட்டன் ஓடிவந்தார்.

"டீச்சரே, காய்ல ஒரு மணம் அடிக்குது. நல்ல மணம் அல்ல."

போய்ப் பார்த்தால் மஞ்சள் பை கறுப்பாகிக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து சிவப்பும் கறுப்புமாக ஏதோ இளகி வழிந்திருந்தது. அரக்கு. தண்டட்டி என்பது மெல்லிய தங்கத் தகட்டுக்குள் அரக்கை ஊற்றிச் செய்த நகை. தங்கம் அப்படியேதான் இருந்தது, பாடப்புத்தகம் பொய் சொல்லவில்லை. உள்ளே இருந்த கனம்தான் போய்விட்டது. எடுத்துக் கையில் வைத்தேன், காய்ந்த பூ மாதிரி இருந்தது.

மறுநாள் காலை அத்தை அதை வாங்கியதும் முதல் வேலையாகத் தூக்கிப் பார்ப்பார். கனம் இல்லையென்றால் என்ன நினைப்பார்? மருமகள் கெட்டித் தங்கத்தை விற்றுவிட்டு வெறும் தகட்டை வாங்கி வைத்துவிட்டாள் என்றுதானே? நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். இத்தனை வருடம் அந்த வீட்டில் நல்ல பெயர் எடுக்க நான் பட்ட பாடு முழுக்க அந்தத் தண்டட்டியோடு லேசாகிவிட்டது.

"ஆசாரிகிட்டக் குடுத்து அரக்கு ஊத்திரலாம்ல?" என்றேன்.

"ஆசாரிய நாளைக்குக் காது குத்தத்தான் கூப்பிட்டிருக்கு. அங்க வச்சு ஊத்தச் சொல்லுவமா?" என்றார் வீட்டுக்காரர். பிறகு கொஞ்சம் யோசித்து, "உள்ள எதையாச்சும் போட்டு அடச்சிருவோம். கனம் வந்தாப் போதும்ல" என்றார்.

மலையில் கைக்கு எட்டுகிற பொருள் ஒன்றுதான். ஏலக்காயை உரித்து, உள்ளே இருக்கிற விதையை, அதாவது ஏலரிசியை எடுத்து, தகடு விட்டுப்போயிருந்த ஓட்டை வழியாகக் காகிதக் குழல் வைத்து உள்ளே இறக்கினோம். மேலே மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினோம். முதல் தண்டட்டி கல் மாதிரி அடைந்தது. இரண்டாவதற்குப் பாதியிலேயே மெழுகுவர்த்தி தீர்ந்துவிட்டது. "நம்ம தோட்டத்துக் காய்தான், வெளிச் சரக்கு இல்ல" என்று என்னைத் தேற்றினார் வீட்டுக்காரர். வருடா வருடம் அடர்த்தி பாடம் நடத்துகிற நான், இது எந்தக் காலத்திலும் அந்தக் கனத்துக்கு வராது என்று தெரிந்தும் குழலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தேவாரத்தில் குலதெய்வம் கோயில். பிள்ளைக்கு மொட்டை அடித்தாகிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அது ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. ஆசாரி ஊசியோடு தயார். சுற்றிலும் சொந்தபந்தம், எல்லோருக்கும் முன்னால் நாத்தனாரின் மாமியார். அத்தைக்குச் சம்பந்தி. நகை, நட்டு, நாத்தம் எதையும் விடாமல் மோப்பம் பிடிப்பவர். நான் அத்தை கையில் கொடுக்காமல் நேராகத் தட்டில் வைத்திருந்த தண்டட்டியை அத்தை எடுத்து, வழக்கம்போல அவர் பக்கம் நீட்டினார்.

"தூக்கிப் பாருங்க மதினி. கெட்..."

அத்தை அங்கேயே நின்றுவிட்டார். கை ஒருமுறை மேலும் கீழும் அசைந்தது. இரண்டாவது தண்டட்டி கிலுகிலு என்றது. ஒரு ஏலரிசி நழுவி, பிள்ளையின் மொட்டைத் தலையில் விழுந்தது.

"என்ன மதினி, உள்ள என்னமோ கிலுங்குது?" என்றார் சம்பந்தி. மூக்கை இழுத்து, "பாயச வாடை வேற வருது" என்றார்.

ஆசாரி எட்டிப் பார்த்துவிட்டு, "இது தகட்டு வேலதான். அரக்கு எறங்கியிரு..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க காதப் பாருங்க ஆசாரி" என்றார் அத்தை.

அப்போதுதான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். என்மேல் கோபத்தை எதிர்பார்த்திருந்தேன். கோபம் இல்லை. அவருக்குமே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. அத்தனை வருடம் அத்தனை பேர் கையில் வைத்துக் காட்டிய கனம் வெறும் அரக்கு. அதுவும் சம்பந்தி முன்னால். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பெயர் கெடுமே என்ற பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"நான்தான் அத்தே... நனஞ்சிருச்சுன்னு ஸ்டோர்ல வச்சேன். உருகிருச்சு" என்றேன்.

அரக்கு உருகிவிட்டது என்று முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை. அத்தை பிடித்துக்கொண்டார்.

"கேட்டுக்கங்க! எங்க ஆத்தா குடுத்த கெட்டித் தங்கம். இவ ஸ்டோர்ல வச்சு உருக்கிட்டு வந்து நிக்கிறா!"

சம்பந்திக்குச் சந்தேகம் தீரவில்லை. "ஏலக்கா காயப் போடுற சூட்டுல தங்கம் உருகிருமா?"

"உருகாமயா? நீங்களே கேளுங்க. அவ அந்தப் பாடத்துக்குத்தான டீச்சரு?"

கோயிலில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர்கூடக் கூட்டத்தில் இருந்தார். நான் தலையை ஆட்டினேன். அந்த நேரம் பார்த்து ஆசாரி ஊசியை இறக்க, பிள்ளை வீறிட்டது. எனக்காகத்தான் அழுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் தங்கம் உருக்கினவள். ஸ்டாஃப் ரூமில் யாராவது புது வளையல் போட்டு வந்தால், "மல்லிகா டீச்சர் பக்கம் போகாதீங்க, உருகிரும்" என்பார்கள். மலைக்குப் போனால் பாபு சேட்டன் என் தாலிச் செயினைப் பார்த்துவிட்டு ஸ்டோர்க் கதவைச் சாத்துகிறார். தண்டட்டியில் மறுபடி அரக்கு ஊற்ற அத்தை சம்மதிக்கவில்லை. ஏலரிசியோடு அப்படியே பீரோவில் இருக்கிறது. சாரல் காலத்தில் பீரோவைத் திறந்தால் சேலையெல்லாம் பாயசமாக மணக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அரக்கு என்ற வார்த்தையை இதுவரை பேசிக்கொண்டதில்லை.

போன ஆடியில் சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்திருந்தார்கள். ரசம் வந்தது, கதையும் வந்தது. அத்தை கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். ப்ளஸ் ஒன்னில் வேதியியல் எடுத்திருக்கும் என் மகன் சாப்பாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

"அம்மா, தங்கம் ஆயிரம் டிகிரிக்கு மேலதான உருகும்? நீதான போன வாரம் சொல்லிக் குடுத்த?"

சம்பந்தி இலையிலிருந்து கையை எடுத்தார். அத்தை என்னைப் பார்க்கவில்லை, ரசக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ரொம்ப அலுப்பாக இருந்தது. இத்தனை வருடம் படித்ததும் நடத்தியதும் ஒரு பெருமூச்சில் வெளியே போயின.

"அது இந்தக் காலத்துத் தங்கத்துக்குடா" என்றேன். "அந்தக் காலத்துக் கெட்டித் தங்கம் கொஞ்சம் சூடு பட்டாலே உருகிரும்."

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து சம்பந்தியின் இலையில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார்.

"டீச்சரே சொல்லிட்டா" என்றார்.